பிக்கப்போட பிரேக் ரோட்டர் சீக்கிரமே போச்சா? டீலர்கிட்ட "தேஞ்சுபோச்சு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க

நான் இருக்கிறது மிச்சிகன். பிக்கப் வாங்கி ஒன்றரை வருஷம், ஓடோமீட்டர்ல 19,000 மைல். ஐ-96ல 70ல போயிட்டிருந்தப்போ முன்னாடி ட்ராஃபிக் நின்னுச்சு, பிரேக்ல கால வெச்சேன், ஸ்டீயரிங் கைக்குள்ள கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சிடுச்சு. பின்சீட்ல இருந்த பையன் "ரோடு சரியில்லையாப்பா?"ன்னு கேட்டான். மிச்சிகன் ரோடாச்சே, எனக்கும் முதல்ல அந்த சந்தேகம்தான் வந்துச்சு. ஆனா கால எடுத்தா ஆட்டம் நிக்குது, மறுபடி மிதிச்சா வருது. அப்போ ரோடு இல்ல, பிரேக்குதான். (ரோட்டர்ங்கிறது சக்கரத்தோட சேந்து சுத்தற இரும்புத் தட்டு, அதை ரெண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிச்சாதான் வண்டி நிக்கும்.)

நேரா டீலர்கிட்ட போனேன், போய் பண்ணின முதல் தப்பு என்னன்னா, கவுண்டர்ல நின்னுகிட்டு பெரிய மெக்கானிக் மாதிரி "ரோட்டர் தேஞ்சிடுச்சு போல, வாரண்டில மாத்திக் குடுங்க"ன்னு சொன்னது. சர்வீஸ் அட்வைசர் அதை அப்படியே ரிப்பேர் ஆர்டர்ல டைப் பண்ணிட்டாரு, "ரோட்டர் தேய்மானம்னு கஸ்டமர் சொல்றார்". ரெண்டு மணி நேரம் கழிச்சு சிரிச்ச முகத்தோட வந்து, சார், ரோட்டர் தேயுற பொருள், டயர் மாதிரி வைப்பர் மாதிரி, வாரண்டி கிடையாது, ரெண்டு ரோட்டர் பேட் லேபர் எல்லாம் சேர்த்து 780 டாலர் ஆகும்னாரு. அந்த வார்த்தைய நானே எடுத்துக் குடுத்துட்டேன், அப்புறம் யாரைக் குத்தம் சொல்றது.

கடைசில அந்த ரோட்டர் வாரண்டிலதான் மாறுச்சு, ஆனா வேற டீலர்கிட்ட. நடுவுல நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். அமெரிக்காவுல பிக்கப் வெச்சிருக்கிற நம்ம ஆளுங்களுக்கு அப்படியே பொருந்தும். கனடான்னா அளக்கிற விஷயமெல்லாம் இதேதான், சட்டம் மட்டும் வேற.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, தேய்மானம் வேற, கோணல் வேற. ரோட்டர் வார்ப்பிரும்பு, பேட் உரச உரச ரெண்டு பக்கமும் சீரா மெலிசாகிட்டே வரும், அதுக்கு ஒரு கடைசி அளவு இருக்கு, அது ரோட்டர்லயே அச்சு போட்டிருக்கும் (ஹப், அதாவது ரோட்டரும் சக்கரமும் மாட்டியிருக்கிற நடுப்பாகம், அது கிட்டயோ வெளி விளிம்புலயோ துரு தட்டிப் பாத்தா தெரியும்). அந்த அளவுக்கு வந்துட்டா அது நிஜமாவே தேய்மானம், உங்க காசு, வாதமே வேண்டாம். ஆனா ஸ்டீயரிங் ஆடறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆட்டம் எப்போ வரும்னா, ரோட்டர் ஒரு இடத்துல தடிமனாவும் இன்னொரு இடத்துல மெலிசாவும் இருக்கும்போது. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா, 0.025 மிமீ இருந்தாலே பல வண்டில கைக்குத் தெரிஞ்சிடும். தலைமுடி தடிமன்ல பாதி கூட இல்ல. 32 இன்ச் டயர் 60 மைல் வேகத்துல ஒரு செகண்டுக்கு பத்து சுத்துக்கு மேல சுத்துது, அப்போ ஒவ்வொரு சுத்துக்கும் அந்தத் தடிச்ச இடம் பேட்டுக்குள்ள வந்து ஒரு தடவை இடிக்கும், அதான் அந்த கிடுகிடு.

எல்லாரும் இதை "ரோட்டர் வார்ப் ஆயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க, சூட்டுல அப்பளம் மாதிரி நெளிஞ்சுடுச்சுங்கிற அர்த்தத்துல. பெரும்பாலும் அது நெளியறதே இல்ல. ஒண்ணு, பேட் பொருள் திட்டுத்திட்டா ரோட்டர் மேல ஒட்டியிருக்கும். இல்லன்னா ரோட்டர் ஹப்ல நேரா உக்காராம லேசா தள்ளாடிக்கிட்டே சுத்தும், பிரேக் பிடிக்காதப்போ கூட ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடம் பேட்டைத் தொட்டுத் தொட்டுப் போகும், சில ஆயிரம் மைல்ல அந்த இடம் மட்டும் மெலிஞ்சிடும். இந்தத் தள்ளாட்டத்துக்குப் பேரு ரன்அவுட். புது வண்டில 15,000, 20,000 மைல்ல ஆட்டம் வந்தா நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான். ஏன்னா இது பொருத்தின விதத்துல வர்ற கோளாறு, நீங்க ஓட்டின விதத்துல வர்றது இல்ல.

இப்போ அளக்கிறது. டீலர்கிட்ட மறுபடி போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு சனிக்கிழமை காலைல பண்ணிடலாம். 25-50 மிமீ மைக்ரோமீட்டர் ஒண்ணு, டயல் கேஜ் (சின்ன அசைவையும் முள்ளுல காட்டற கருவி) ஒண்ணு, டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறிச்ச அளவுக்கு இறுக்கற ரெஞ்ச்) ஒண்ணு, மூணும் விலை குறைஞ்சதே போதும். வெர்னியர் வேண்டாம், ஏன்னா ரோட்டர் ஓரத்துல தேயாத ஒரு வரம்பு நிக்கும், வெர்னியர் தாடை அந்த வரம்பு மேல உக்காந்துக்கிட்டு பொய் சொல்லும். கோயம்புத்தூர்ல சித்தப்பா லேத் பட்டறைல லீவுக்குப் போய் உக்காந்திருந்த பழக்கம், மைக்ரோமீட்டர் ராட்செட் மூணு தடவை கிட்கிட்னு சத்தம் குடுத்தப்புறம்தான் அளவைப் படிக்கணும்னு அவர் மண்டைல குட்டிச் சொல்லிக் குடுத்தது இத்தனை வருஷம் கழிச்சு மிச்சிகன் கராஜ்ல உதவுது.

சமதரைல நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, ஜாக்ல தூக்கி ஜாக் ஸ்டாண்ட் மேல இறக்குங்க, வெறும் ஜாக்கை நம்பி கைய உள்ள விடாதீங்க. சக்கரத்தைக் கழட்டுங்க. ரோட்டர் வெளி விளிம்புல இருந்து ஒரு 12 மிமீ உள்ள தள்ளி, சுத்திலும் எட்டு இடத்துல ஸ்கெட்ச் பேனாவால நம்பர் போட்டு எட்டையும் அளந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. எட்டும் ஒரே தூரத்துல இருக்கணும், ஒண்ணு விளிம்புலயும் ஒண்ணு நடுவுலயும்னு எடுத்தா கணக்கு தப்பாயிடும். என் வண்டில இடது பக்கம் அதிகபட்சம் 33.58, குறைஞ்சது 33.54. வித்தியாசம் 0.04. வலது பக்கம் 33.57, 33.55, அது பரவாயில்ல.

இதுல இன்னொரு விஷயம் பாருங்க. புதுசுல என் ரோட்டர் 34 மிமீ, கடைசி அளவு 32ன்னு அச்சு. அதாவது தேயறதுக்கு 2 மிமீ குடுத்திருக்கான், அதுல நான் தேச்சது அரை மிமீ கூட இல்ல, நாலுல ஒரு பங்குக்கும் கம்மி. அப்போ "தேஞ்சுபோச்சு"ங்கிற பேச்சே அங்க நிக்காது. அட்வைசர் சிரிச்ச முகத்துக்கு எதிரா என் கைல இருந்த முதல் சீட்டு இதுதான்.

அடுத்தது ரன்அவுட். லக் நட்டை (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற நட்டு) வாஷர் போட்டு ரோட்டர் மேல திருப்பி இறுக்குங்க, சும்மா தொங்கற ரோட்டரை அளந்தா என்ன வேணா காட்டும். டயல் கேஜை ஸ்டீயரிங் நக்கிள்ல, அதாவது ஹப்பைத் தாங்கற, சக்கரத்தோட சேந்து சுத்தாத பாகத்துல நிறுத்தணும். என் வண்டி நக்கிள் அலுமினியம், காந்தம் ஒட்டவே இல்ல, பத்து நிமிஷம் திட்டிக்கிட்டே இருந்துட்டு சி-கிளாம்ப்ல கட்டினேன். முள்ளு ரோட்டர் முகத்தைத் தொடணும், அப்படியே கையால மெதுவா ஒரு சுத்து சுத்தி முள்ளு எங்கேர்ந்து எங்க போகுதுன்னு பாக்கணும். ஜிஎம் அவங்க டீலர்களுக்குப் போட்ட பிரேக் புல்லட்டின்ல சொல்ற வரம்பு 0.002 இன்ச், அதாவது 0.05 மிமீ. மத்த கம்பெனிக்கும் சுமாரா இந்த ரேஞ்சுதான், உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல சரியான நம்பர் இருக்கும். எனக்கு இடது பக்கம் 0.11 வந்துச்சு. ரெண்டு மடங்குக்கும் மேல. முள்ளு ஓடறதை போன்ல வீடியோ எடுத்தேன், அதே வீடியோல ஓடோமீட்டரையும் வின் நம்பரையும் (வண்டியோட அடையாள எண்) காட்டிட்டேன், கட் பண்ணாம ஒரே ஓட்டமா.

அளந்ததோட நிறுத்திக்கோங்க. ஹப் துருவைத் தேய்க்கணும், ரோட்டரைக் கழட்டி ஒரு துளை தள்ளி மாட்டிப் பாக்கணும்னு கை பரபரக்கும். வாரண்டி கேக்கப் போறீங்கன்னா தொடாதீங்க, தொட்டா அது நீங்க கெடுத்ததாயிடும். அதே மாதிரி வெளிக்கடைல "லேத்துல போட்டு முகம் எடுத்துத் தர்றேன்"னா வேண்டாம்னுடுங்க, ஆதாரம் அத்தனையும் தூளா போயிடும், ரோட்டரும் மெலிஞ்சுடும்.

ஆனா உங்க பக்கம் தப்பு இருக்கான்னு நீங்களே நேர்மையா ஒரு தடவை பாத்துக்கணும், ஏன்னா டீலர் கண்டிப்பா பாப்பான். முதல் கேள்வி லக் நட். டயர் கடைல ரொட்டேஷன் (டயரை முன்னயும் பின்னயும் இடம் மாத்தறது) பண்ணும்போது ஏர் கன்னை வெச்சு டர்ர்ர்னு ஏத்தி விட்டானா? ஒரு நட்டு ஒரு அளவு, இன்னொண்ணு வேற அளவுன்னு இறுகினா ரோட்டர் ஹப்ல கோணலா உக்காந்துடும். எஃப்-150க்கு 150 பவுண்ட்-ஃபுட், சில்வராடோ 1500க்கு 140, டார்க் ரெஞ்ச்ல நட்சத்திர வரிசைல இறுக்கணும். ரொட்டேஷன் எங்க பண்ணினாலும் வீட்டுக்கு வந்து தளர்த்தி நானே மறுபடி டார்க் வெச்சிடறேன், வீட்ல "இதுக்கு அங்க எதுக்குக் காசு குடுத்தீங்க"ன்னு கேக்கறாங்க, நியாயமான கேள்விதான்.

ரெண்டாவது ட்ரெய்லர். பிக்கப் 2,500 கிலோ, பின்னாடி கேம்பர் 2,200 கிலோன்னா, ட்ரெய்லர் பிரேக் வேலை செய்யலேன்னா அத்தனை பாரத்தையும் நிறுத்தறது உங்க வண்டி பிரேக் மட்டும்தான், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சூடு. கேபின்ல இருக்கிற பிரேக் கண்ட்ரோலர்ல கெயினை (ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு கெட்டியா பிடிக்கணும்ங்கிற அளவு) வண்டி வாங்கின அன்னிக்கு இருந்த நம்பர்லயே விட்டுட்டு ஊரைச் சுத்தற ஆளுங்க நிறைய பேர். காலியான பார்க்கிங் லாட்ல 20, 25 மைல்ல போய்க்கிட்டு கண்ட்ரோலர் லீவரைக் கையால அமுக்குங்க, ட்ரெய்லர் சக்கரம் லாக் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கற மாதிரி கெயின் வையுங்க, பாரம் மாறினா மறுபடி வையுங்க. மலை இறக்கத்துல டோ-ஹால் மோட் போடுங்க, கியரே பாதி வேலைய பாத்துக்கும். ஸ்மோக்கி மலைல நியூஃபவுண்ட் கேப் 5,046 அடி, அங்கேர்ந்து கேட்லின்பர்க் வரைக்கும் பிரேக்லயே காலை வெச்சு இறங்கிட்டு, கீழ சிக்னல்ல வந்து கெட்டியா மிதிச்சுக்கிட்டு நின்னா, கொதிக்கிற ரோட்டர் மேல பேட் அச்சு அப்படியே பதிஞ்சிடும். அந்த மாதிரி சூடானப்புறம் முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு நின்னு, மெல்ல ஊர்ந்துக்கிட்டே இருங்க.

மூணாவது பெரிய டயர். 35 இன்ச் போட்டு, வண்டிய உயர்த்தற லிஃப்ட் கிட்டும் போட்டிருந்தா உங்க வாதம் பலவீனம், ஒத்துக்கத்தான் வேணும். சக்கரம் பெருசாக ஆக அதே வேகத்துல நிறுத்தறதுக்கு ரோட்டர்ல இன்னும் அதிகமா பிடிக்கணும்.

பின் பக்கம் கதை வேற. பின்னாடி ரோட்டரே முன்னாடியதை விட சீக்கிரம் போகுதுன்னு பிக்கப் ஆளுங்க நிறைய பேர் புலம்பறாங்க. இப்போ வர்ற வண்டிங்கள்ல மூக்கு குத்தாம இருக்க மென்மையா பிரேக் பிடிக்கும்போது பின்னாடிக்குக் கொஞ்சம் அதிகமாவே கம்ப்யூட்டர் வேலை குடுக்குது, ட்ராக்ஷன் கண்ட்ரோலும் சக்கரம் வழுக்கினா அந்தப் பின் பிரேக்கைத்தான் பிடிக்கும். அது போக உப்பு. எங்க ஊர்ல நவம்பர்லேர்ந்து மார்ச் வரை ரோட்ல கொட்டற உப்பு காலிப்பர் (பேட்டை அமுக்கற கவ்வி) ஸ்லைடு பின்னுக்குள்ள போய் துரு பிடிச்சு, அந்த ஸ்லைடு பின் ஜாமாகி, உள்பக்க பேட் மட்டும் ரோட்டரை விடாம உரசிக்கிட்டே இருக்கும். வெளிப்பக்கத்தைப் பாத்தா புத்தம் புதுசு, உள்பக்கம் கோடு கோடா உழுத நிலம் மாதிரி இருக்கும். இது துருன்னு தெரிஞ்சா வாரண்டி கிடைக்கிறது கஷ்டம், ஆனா ஸ்லைடு பின் ஏன் ஜாமாச்சு, ரப்பர் பூட் கிழிஞ்சிருந்துச்சா, கம்பெனிலயே கிரீஸ் இல்லாம வந்துச்சான்னு கேக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பின்னைக் கழட்டி சிலிக்கான் பிரேக் கிரீஸ் போட்டா இந்தப் பஞ்சாயத்தே வராது.

சரி, இப்போ டீலர் கவுண்டர். என்ன சொல்லணும்னா, ஆட்டத்தை மட்டும் சொல்லுங்க. "60ல இருந்து பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் அதிருது, பெடல் துடிக்குது, 19,000 மைல்ல ஆரம்பிச்சுது." காரணம் சொல்லாதீங்க, காரணம் கண்டுபிடிக்கிறது அவங்க வேலை. அப்புறம் ஒரு வேண்டுகோள், "ரெண்டு முன் ரோட்டருக்கும் தடிமன் வித்தியாசமும் ரன்அவுட்டும் அளந்து ரிப்பேர் ஆர்டர்ல எழுதிக் குடுங்க". டைப் பண்ணினதைப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க. "தேய்மானம்"னு ஒரு வார்த்தை இருந்தா அங்கயே மாத்தச் சொல்லுங்க.

அட்வைசரை எதிரியா நினைக்காதீங்க. வாரண்டி வேலைக்கு டீலருக்குக் காசு குடுக்கிறது கம்பெனி, கம்பெனி அப்பப்போ ஆடிட் பண்ணும், அளவு எழுதாத க்ளைம் இருந்தா குடுத்த காசைத் திருப்பிப் பிடுங்கிடும். அவர் பயம் அது. நீங்க அளவோட போனா அவருக்கு மேல காட்ட ஒரு காகிதம் கிடைக்குது. முதல் டீலர் அளக்கவே மாட்டேன்னுட்டாங்க, நான் சண்டை போடல, "அளக்கவில்லை"ன்னு எழுதிக் குடுங்கன்னு மட்டும் கேட்டேன், முகம் மாறிடுச்சு. எழுதித் தரல. நான் வீட்டுக்கு வந்து நடந்ததை அவங்களுக்கே ஈமெயில்ல அனுப்பி வெச்சுக்கிட்டேன், தேதியோட. 25 மைல் தள்ளி இருந்த ரெண்டாவது டீலர்ல டெக்னீசியன் டயல் கேஜ் வெச்சு 0.004 இன்ச்னு எழுதினாரு. என் 0.11 மிமீயும் அவரோட 0.004 இன்ச்சும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதுக்கப்புறம் பேச்சே சுலபமாச்சு.

வாரண்டி புக்லெட்டை ஒரு தடவை முழுசா படிங்க, பெட்டிக்குள்ள தூங்குது அது. ஃபோர்டு, ஷெவி, ராம் எல்லாமே பம்பர் டு பம்பர் 3 வருஷம் அல்லது 36,000 மைல், எது முதல்ல வருதோ அது. ஆனா பேட், லைனிங் மாதிரி தேயுற பாகத்துக்குத் தனியா ஒரு சின்னக் கணக்கு இருக்கும், ரோட்டருக்கு என்ன எழுதியிருக்குன்னு வார்த்தைக்கு வார்த்தை பாருங்க. தேய்மானம் விலக்குன்னு இருக்கும், செய்முறைக் குறை விலக்குன்னு இருக்காது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் மொத்தச் சண்டையும்.

"நீங்க வெளில வாங்கின பேட் போட்டிருக்கீங்க, வாரண்டி கேன்சல்"னு யாராவது சொன்னா, 1975ல வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டி சட்டத்தைச் சொல்லுங்க. கம்பெனி பாகத்தைத்தான் போடணும்னு வாரண்டிக்கு நிபந்தனை வைக்க முடியாது (இலவசமா குடுத்தா தவிர), வெளிப் பாகத்தாலதான் கெட்டுச்சுன்னு அவங்கதான் காட்டணும். அதே நேரம் நீங்க வெளில வாங்கிப் போட்ட ரோட்டரே கோணலாச்சுன்னா அதுக்கு வண்டிக் கம்பெனி பொறுப்பில்ல, அதையும் கலக்காதீங்க.

டீலர் முடியாதுன்னா கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு கேஸ் நம்பர் வாங்குங்க. அங்க "குட்வில்"னு ஒரு வார்த்தை இருக்கு, வாரண்டிக் கணக்குல வராட்டியும் பாதிக் காசு போடறது. ரெகுலரா அதே டீலர்கிட்ட சர்வீஸ் பண்ணின ரசீது இருந்தா கிடைக்க வாய்ப்பு அதிகம். எனக்கு ரோட்டர் ரெண்டும் லேபரும் வாரண்டில வந்துச்சு, பேட்டுக்கு பாதிப் பாதி. இதுக்கும் நகரலேன்னா பிபிபி (பெட்டர் பிசினஸ் பீரோ) நடத்தற ஆட்டோ லைன் இருக்கு, உங்க கம்பெனி உங்க ஸ்டேட்ல அதுல சேந்திருந்தா காசில்லாம மத்தியஸ்தம், தீர்ப்பை நீங்க ஏத்துக்கிட்டா கம்பெனி கட்டுப்படணும். அதுக்கும் மேல ஸ்மால் க்ளைம்ஸ் கோர்ட். மிச்சிகன்ல 7,000 டாலர் வரைக்கும் போகலாம், அங்க வக்கீலே கிடையாது, உங்க பேப்பரும் உங்க வாயும்தான். 780 டாலருக்கு கோர்ட் வரைக்கும் போகலாமான்னா, என்னைக் கேட்டா லெட்டர்ல "அடுத்தது ஸ்மால் க்ளைம்ஸ்"னு ஒரு வரி மரியாதையா எழுதறதோட நிறுத்திப் பாப்பேன், பல தடவை அங்கயே முடிஞ்சிடும்.

என்ஹெச்டிஎஸ்ஏ (அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு) சைட்ல புகார் போடறது காசு வாங்கித் தராது, ஆனா அதே சைட்ல உங்க மாடலுக்கு கம்பெனி டீலர்களுக்கு அனுப்பின புல்லட்டின் எல்லாம் ஃப்ரீயா படிக்கலாம். "பிரேக் பல்சேஷன்"னு (பிரேக் துடிப்பு) உங்க வருஷத்துக்கு ஒண்ணு இருந்தா பிரிண்ட் எடுத்து அட்வைசர் மேஜைல வெச்சிடுங்க. புகாரும் போடுங்க, அஞ்சு நிமிஷ வேலை, அடுத்தவனுக்கு உதவும்.

கடைசில கைக்காசு போட்டே மாத்தறதா ஆச்சுன்னா, பழைய ரோட்டரைத் திருப்பிக் கேளுங்க. மிச்சிகன் ரிப்பேர் சட்டப்படி காசு குடுத்து மாத்தின பழைய பாகத்தைக் கேட்டா தரணும் (வாரண்டிலயோ எக்ஸ்சேஞ்ச்லயோ போனதைத் தர வேண்டாம், கண்ணுல காட்டினா போதும்). புது ரோட்டர் மாட்டறதுக்கு முன்னாடி ஹப் முகத்தை வயர் பிரஷ்ல பளபளன்னு தேய்க்கணும், அங்க ஒரு மணல் அளவு துரு இருந்தா ரோட்டர் ஓரத்துல அது பல மடங்கா தெரியும், பழைய நோயே திரும்ப வரும். மாட்டினதும் ரன்அவுட் அளங்க, அதிகமா வந்தா ரோட்டரை ஒரு ஸ்டட் (லக் நட் ஏறற போல்ட்) தள்ளி மாட்டிப் பாருங்க, ஆறு ஸ்டட்னா 60 டிகிரி. அப்புறம் புது பேட்டைப் படிய வைக்கணும், 30 மைல்லேர்ந்து மெதுவா நிறுத்தறது, 30 செகண்ட் ஆற விடறது, இப்படி 30 தடவை. பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கை பாப்பாரு, பாக்கட்டும். 50 மைல் ஓடினப்புறம் லக் நட்டுக்கு மறுபடி டார்க் வையுங்க, ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்க, அந்த வழவழப் பேப்பர்ல இருக்கிற எழுத்து கார்ல ஒரு கோடை கிடந்தா காணாம போயிடும்.